குழந்தை ஆசைப்படறது தப்பா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயசு 31, நாமக்கல் பக்கம். முதல் வீட்டுக்காரர் லாரி டிரைவர், அவர் தவறினப்புறம்தான் எனக்கும் எச்ஐவி இருக்கறது தெரிஞ்சது. இப்ப பாசிட்டிவா இருக்கற ஒருத்தரையே மறுமணம் பண்ணிக்கிட்டேன், ரெண்டு பேரும் எச்ஐவிய அடக்கற ஏஆர்டி மாத்திரை விடாம போடறோம். ஒரு குழந்தை வேணும்னு ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு, உனக்கெல்லாம் எதுக்கு இந்த ஆசைன்னு ஒரு நர்ஸ் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. இந்த மாத்திரையால குழந்தை ஊனமா பொறக்கும்னு வேற சொல்றாங்க. என்ன பண்றது டாக்டர்?

பதில்: அந்த நர்ஸ் பேசினது தப்பும்மா, அதை மனசுல வெச்சுக்காதீங்க. எச்ஐவி உள்ள கர்ப்பிணியோட சம்மதம் இல்லாம கருவைக் கலைக்கவோ குடும்பக் கட்டுப்பாடு பண்ணவோ கூடாதுன்னு 2017 எச்ஐவி சட்டத்துலயே இருக்கு, அதனால பெத்துக்கறதா வேணாமாங்கறது உங்க ரெண்டு பேர் முடிவு, வேற யாரும் நடுவுல வரவேண்டியதில்ல.

நான் கேட்கறது ஒண்ணுதான், உங்க வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்கற வைரஸோட அளவு என்ன? சிடி4ங்கற எதிர்ப்பு சக்தி அணுக்களோட கணக்கு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வர்றவங்கதான் அதிகம், ஆனா குழந்தை விஷயத்துல சிடி4 மட்டும் பத்தாது. ஏஆர்டி சென்டர்ல ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்து, ரத்தத்துல வைரஸ் கண்டறிய முடியலன்னு வந்தப்புறம் காண்டத்தை நிறுத்துங்க. ஒரு சிகிச்சையும் இல்லாம இருந்தா தாய்கிட்டருந்து குழந்தைக்கு 100க்கு 15லருந்து 45 வரைக்கும் தொற்றும். கர்ப்பத்துக்கு முன்னாடியே வைரஸ் அடங்கி, பிரசவம் வரைக்கும் அப்படியே இருந்தா அது ஒண்ணுக்கும் கீழ போயிடும். சிசேரியன்தான் பண்ணணும்னும் இல்ல.

மாத்திரை பயம் எங்கருந்து வந்துச்சுன்னா, 2018ல போட்ஸ்வானாவுல டோலுடெக்ராவிர்ங்கற ஏஆர்டி மருந்து சாப்பிட்ட சில அம்மாக்களோட குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு குறை இருக்குன்னு ஒரு ஆரம்பக் கணக்கு வந்துச்சு. அப்புறம் நிறைய பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்தா வித்தியாசமே இல்லன்னு ஆயிடுச்சு. பயந்துபோய் நீங்களா மாத்திரைய நிறுத்தினாதான் ஆபத்து. ஃபோலிக் ஆசிட் மட்டும் இப்பவே ஆரம்பிச்சுடுங்க, இது எல்லா அம்மாக்களுக்கும் சொல்றதுதான்.

பொறந்ததும் குழந்தைக்கு மருந்து சிரப் குடுப்பாங்க, 6வது வாரத்துல முதல் டெஸ்ட், 18 மாசத்துல கடைசி டெஸ்ட், நடுவுல டாக்டர் சொல்ற தேதி எதையும் விட்டுடாதீங்க. முதல் 6 மாசம் தாய்ப்பால் குடுத்தா தாய்ப்பால் மட்டும்தான். மாமியாரோ பாட்டியோ சர்க்கரைத் தண்ணி, பசும்பால்னு எடுத்துட்டு வருவாங்க, பாசத்துலதான், ஆனா வேண்டாம்னு சொல்லிடுங்க. உங்க விஷயம் வீட்டுல தெரியாதுன்னா டாக்டர் சொல்லிருக்கார்னு என் மேல பழியப் போடுங்க, பரவால்ல.

கேள்வி: எனக்குப் பாசிட்டிவ், மனைவிக்கு நெகட்டிவ். குழந்தைக்கு முயற்சி பண்ணா அவளுக்கு வந்துடுமா?

பதில்: மொதல்ல ஒண்ணு, அவங்களுக்கு உங்க ரிப்போர்ட் தெரியுமா? தெரியாதுன்னா மேல படிக்கறதுக்கு முன்னாடி கவுன்சிலரை வெச்சு அவங்ககிட்ட சொல்லுங்க. தெரியும்னா, கொஞ்ச மாசமாவே வைரஸ் கண்டறிய முடியாத அளவுல இருந்தா உங்ககிட்டருந்து அவங்களுக்கு உடலுறவு வழியா பரவாது, சென்னையிலயும் ஜோடிகளைச் சேர்த்து நடத்தின பெரிய ஆய்வுல அடங்கின வைரஸ் யாருக்கும் போகல. கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள்ல முயற்சி பண்ணுங்க, மனைவிக்கு நடுநடுவுல டெஸ்ட் எடுங்க. விந்தணுவைக் கழுவி உள்ள வைக்கறோம்னு யாராவது லட்சக்கணக்குல கேட்டா, உங்க வைரல் லோடு ரிப்போர்ட்டை ஏஆர்டி டாக்டர்கிட்ட காமிச்சு அது தேவைதானான்னு கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க. ஒரு வருஷமாகியும் தங்கலன்னா மத்த தம்பதிங்க மாதிரி ரெண்டு பேருமே பரிசோதனைக்குப் போகலாம், மனைவியை மட்டும் அனுப்பாதீங்க.