4,29,49,67,297 பகா எண்ணா?

கேள்வி: 4,29,49,67,297 என்ற எண்ணை 100க்குள் இருக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. இது பகா எண்தானே? அப்புறம், இப்படிப் பெரிய எண்களைக் கட்டிக்கொண்டு அழுவதால் யாருக்கு என்ன பயன்?

பதில்: இல்லை, பகா எண் இல்லை. நீங்கள் 25 எண்களோடு நிறுத்திவிட்டீர்கள். இதன் வர்க்கமூலம் 65,536ஐ ஒரு மயிரிழை தாண்டுகிறது, அதற்குள் 6,542 பகா எண்கள் இருக்கின்றன, அவற்றில் எதனாலும் வகுபடவில்லை என்றால்தான் பகா எண் என்று சொல்லலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி, இங்கே செல்லாது.

இதே எண்ணில் கணித மேதை ஃபெர்மாவே சறுக்கினார். 2இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் பகா எண்கள். அடுத்தது 32ஆம் அடுக்கு, அதுதான் உங்கள் எண். இந்த வரிசை முழுக்கப் பகா எண்தான் என்று 1640இல் அவர் எழுதினார், நிரூபணம் கைவசம் இல்லை என்று ஒப்புக்கொண்டே. 1729 டிசம்பரில் கோல்டுபாக் என்ற கணித அறிஞர் இதை இன்னொரு கணித மேதையான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கிளப்ப, ஆய்லர் 1732இல் உடைத்துக் காட்டினார்: 641 × 67,00,417.

அவர் பின்னால் விளக்கிய வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. 6,542 எங்கே, ஐந்தாவது முயற்சி எங்கே!

641 வகுக்கும் என்பதைப் பெரிய வகுத்தல் எதுவும் போடாமலே பார்க்கலாம். 640 என்பது 5 × 128, அதாவது ஒரு 5, ஏழு 2கள். அது 641க்கு ஒன்று குறைவு, அதனால் 641ஆல் வகுக்கும் கணக்கில் 640க்குப் பதில் −1 என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் நான்காம் அடுக்குக்கு ஏற்றுங்கள்: 625ஐ 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்கினால் மீதி 1. ஆனால் 625 என்பது 641 − 16, அதனால் அதற்குப் பதில் −16 போடலாம். 16 என்பது நான்கு 2கள். 28ம் 4ம் 32. ஆக, 2இன் 32ஆம் அடுக்குக்கு மீதி −1, அதோடு 1 கூட்டினால் சுழியம். ஒரு துண்டுத்தாள் போதும், உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

பயன் கேட்டீர்களே. பக்கங்களும் கோணங்களும் சமமான 17 பக்கப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கணித மேதை காஸ் 1796இல், 18 வயதில், நிறுவியதற்கு அடிப்படை இந்த வரிசைதான். இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ முறையில் பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் வைக்கப்படுவது 65,537. அதைத் தாண்டி இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இதுவரை ஒருவருக்கும் அகப்படவில்லை.