இந்த வெயில் ஊரில் காருக்கு என்ன குளிர்?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2003-ஆம் ஆண்டு புரோட்டான் வீரா 1.5, இஞ்செக்‌ஷன் கார். காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்தால் உறுமுகிறது, புகைக்குழாயில் பெட்ரோல் வாடை. ஈப்போ போய்ச் சேரும்வரை சூட்டு முள் பாதிக்குக்கூட ஏறுவதில்லை. போன வருடம் ரேடியேட்டர் ஒழுகி, என்ஜின் கொதித்து, பட்டறையில் விட்டு எடுத்ததிலிருந்து பெட்ரோலும் அதிகம் குடிக்கிறதாம். “அப்பா தினமும் பத்து நிமிடம் சூடு பண்ணச் சொல்கிறார். நம் ஊரில்தான் குளிரே இல்லையே?” என்று கேட்கிறார்.

குளிர் நமக்கு இல்லை, என்ஜினுக்கு உண்டு. 90 டிகிரி பக்கத்தில் ஓட வேண்டிய என்ஜினுக்கு விடிகாலை 24 டிகிரி குளிர்தான்.

பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். சூடான என்ஜினில் 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. குளிர்ந்திருக்கும்போது, இஞ்செக்டர் பீய்ச்சும் பெட்ரோலில் ஒரு பகுதி உள்ளே போகும் வழியிலேயே சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. கார்புரேட்டர் வண்டியில் சோக் இழுத்தோமே, அதே வேலைதான்; அங்கே காற்றை அடைத்தோம், இங்கே பெட்ரோல் கூடுகிறது. என்ஜின் ஆயிலும் அப்போது கெட்டியாக இருக்கும். என்ஜின் திணறி நின்றுவிடாமல் இருக்கப் பக்கவழியாகக் காற்றும் கூடுதலாக வரும், சுற்று நிமிடத்துக்கு 1,500 வரை ஏறும். அந்த உறுமல் நோயில்லை. சில நிமிடத்தில் இறங்கவில்லை என்றால்தான் நோய்.

என்ஜின் சூடாகிவிட்டதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது, என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சார். சூட்டு முள்ளே ஏறாதபோது, ‘இன்னும் குளிர்’ என்றுதான் அது சொல்லும். பெட்ரோலும் கூடுதலாகவே போகும். எனக்குச் சந்தேகம், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மேல். என்ஜின் ஒருமுறை கொதித்துவிட்டால், “நம்ம ஊருக்கு இது எதுக்கு?” என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. எனக்கு எரிச்சல் வரும் விஷயம் இது. தெர்மோஸ்டாட் 80 டிகிரியைத் தாண்டிய பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும். அது இல்லாவிட்டால் முதல் நொடியிலிருந்தே தண்ணீர் சுற்றிக் குளிர்ந்துகொண்டிருக்கும்.

நீங்களே பார்க்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்து, ஃபேனில் கை படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொடுங்கள். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் ஹோஸ் கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட்டே உள்ளே இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள். அப்புறம் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். எரியாத பெட்ரோல் கீழே இறங்கி அதை நீர்க்க வைத்திருக்கும்.

புது தெர்மோஸ்டாட் போட்டும் வாடை போகவில்லையா? கூலன்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் உலோக முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் சுத்தம் செய்யலாம். ஓம் மீட்டரில் சென்சாரை அளந்து பார்த்தால் குளிர்ந்த என்ஜினில் இரண்டு கிலோ ஓம் சொச்சமும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கமும் காட்ட வேண்டும்.

அப்பாவின் பத்து நிமிடத்துக்கு வருவோம். நின்றபடி சூடாக்கினால் மெதுவாகத்தான் சூடேறும், பெட்ரோலும் வீண். அரை நிமிடம் போதும், கிளம்பிவிடுங்கள். செம்பனைக்கு நடுவே பெரிய ரோடு வரை போகும் அந்தக் குண்டும் குழியுமான செம்மண் பாதையில் எப்படியும் மெதுவாகத்தானே போகப்போகிறீர்கள்.