நியேவெஸ் அம்மாவும் எதுர்னே அம்மாவும்

தம்பி, ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டுப் பகுதியில் இருக்கும் பில்பாவோ நகரில் அறை எடுத்திருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் வீட்டுக்கார அம்மாவின் பெயர் மரியா நியேவெஸ். மாடிப்படியில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவரை எதுர்னே என்று கூப்பிடுகிறார்கள். "வேறு யாருடைய வீட்டையோ வாடகைக்கு விட்டு ஏமாற்றுகிறாரோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் வேண்டாம். இரண்டும் ஒரே பெயர்தான்.

ஸ்பானிய மொழியில் நியேவெஸ் என்றால் பனி. இந்தப் பகுதியின் சொந்த மொழியான பாஸ்க்கில் பனிக்கு எலுர் என்பார்கள். நாம் இருக்கும் பிஸ்காயா பக்கத்து வழக்கில் எதுர். அதோடு 'னே' சேர்ந்தால் எதுர்னே. கேட்க ஏதோ ஆதிகாலத்துப் பெயர் மாதிரி இருக்கும், ஆனால் வயது நூற்றுச் சொச்சம்தான். பாஸ்க் தேசியவாதத்தைத் தொடங்கிய சபினோ அரானாவும் அவருக்குப் பின் லூயிஸ் எலெய்சால்தேயும் சேர்ந்து உண்டாக்கிய புனிதர் பெயர்ப் பட்டியல் 1910-இல் அச்சில் வந்தது. இந்தப் பெயர் அதிலிருந்து பரவியது. பாஸ்க் மொழியில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால் என்ற பேச்சே கிடையாது. பெயர்களுக்காகவே அரானா ஒரு விதி செய்தார்: பெண் என்றால் முடிவில் 'னே' அல்லது 'ஞே'. ஸ்பானியத்தில் துயரங்கள் என்று பொருள்படும் தொலோரெஸ் என்ற பெண் பெயர் நெகானே ஆனது அப்படித்தான். நெகே என்றால் களைப்பு, வருத்தம். செயற்கை என்று முகம் சுளித்த மொழி அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும், ஊர் ஏற்றுக்கொண்டது.

அப்புறம் ஏன் காகிதத்தில் நியேவெஸ்? ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிதான் காரணம். 1938 மே மாதம் வந்த உத்தரவுக்குப் பிறகு பிறப்புப் பதிவேட்டில் பாஸ்க் பெயர் எழுத முடியாது. ஞானஸ்நானப் பெயரும் ஸ்பானியத்தில்தான். வீட்டில் எதுர்னே, பள்ளிக்கூடத்தில் நியேவெஸ் என்று ஒரு தலைமுறையே இரண்டு பெயரோடு வளர்ந்தது. 1977 ஜனவரியில் சட்டம் மாறியது. விரும்பியவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். உங்கள் வீட்டுக்காரம்மா வயதில் பலர் அந்த அலைச்சலுக்கே போகவில்லை. என் பழைய வேலையிடத்தில் நெகானே என்று ஒரு அக்கா இருந்தார். அவர் பெயருக்கு வந்த பதிவுத் தபாலை "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று நானே திருப்பி அனுப்பிவிட்டேன். உறையில் தொலோரெஸ் என்று இருந்தது, பாருங்கள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இனி நான் சொல்ல ஆசைப்பட்ட விஷயம். இந்தப் பனி, மலைமேல் விழுகிற வெறும் பனி இல்லை. ரோமில் ஒரு கோடைகாலத்தில், ஆகஸ்ட் மாதத்தில், குன்றின்மேல் பனி பெய்து மாதாவுக்குக் கோயில் கட்ட இடம் காட்டியதாக ஒரு மரபுக்கதை உண்டு. அந்த மாதாதான் நியேவெஸ் மாதா. திருநாள் ஆகஸ்ட் 5. நான் தூத்துக்குடிக்காரன், ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை ஊரே கூடுகிற பனிமய மாதா கோயில் திருவிழா அதே மாதாவுக்குத்தான். என் சித்தி பெயர் பனிமயம். பனியையே பார்க்காத கடற்கரையில் ஒரு பனிமயம், இங்கே ஒரு எதுர்னே. நெகானேயும் நம் பக்கத்தில் துயரங்களின் மாதாவான வியாகுல மாதா பெயரால் வைக்கிற வியாகுலம்தான். எனக்கு இது பிடிபட ஆறு வருஷம் ஆனது.

இப்போது பிறந்த குழந்தைக்கு எதுர்னே என்று வைக்கும்போது மாதாவை நினைப்பவர்கள் குறைவு. நிறையப் பேருக்கு நினைவுக்கு வருவது தொலோசா என்ற பாஸ்க் ஊரைச் சேர்ந்த மலையேறும் வீராங்கனை எதுர்னே பசபான். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களையும் ஏறி 2010-இல் முடித்தவர்.

சரி, உங்கள் காரியம். நகராட்சியில் குடியிருப்புப் பதிவுக்குப் போகும்போது ஒப்பந்தத்தில் இருக்கிற மாதிரியே மரியா நியேவெஸ் என்று எழுதுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் அவருடைய அடையாள அட்டையை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். நேரில் எதுர்னே என்றே கூப்பிடுங்கள். 'து'வை நம் 'அது'வில் வருகிற மாதிரி மெதுவாகச் சொல்லுங்கள், 'டு' வேண்டாம்.