பிறை பார்த்த பிறகுதானே பெருநாள்?

கேள்வி: என் மகள் கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். போன நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலையே இன்டர்னல் டெஸ்ட் வைத்துவிட்டார்கள். ஊருக்கு வந்து திரும்ப நேரமில்லாமல் விடுதியிலேயே பெருநாளைக் கழித்தாள். "அரசு விடுமுறை ஒருநாள்தான், அதற்கு மேல் கேட்காதே" என்கிறார் துறைத் தலைவர். வற்புறுத்தினால் மதிப்பெண்ணில் கை வைப்பார்களோ என்று அவளுக்குப் பயம். இந்த முறை மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா?
- ஒரு தாய், காயல்பட்டினம்

பதில்: மருத்துவச் சான்றிதழ் வேண்டாம் சகோதரி. பெருநாளுக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை எதற்காகக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்? மாட்டிக்கொண்டால் நியாயமான கோரிக்கையும் பொய் ஆகிவிடும். உள்ளதைச் சொல்லியே கேட்கட்டும்.

கல்லூரியில் பல ஆண்டுகள் தேர்வு அட்டவணை போட்டவள் நான். காலண்டரில் சிவப்பாக இருக்கும் தேதியை மட்டும் தவிர்த்துவிட்டு மற்ற நாள்களில் தேர்வை வைத்துவிடுவார்கள். தீபாவளிக்கு அது போதும், பெருநாளுக்குப் போதாது. நோன்பு 29இல் முடியுமா, 30 ஆகுமா என்பது பிறை பார்த்துத் தலைமை காஜி அறிவிக்கும் முந்தைய இரவுதான் தெரியும். 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 11, கேரளத்தில் ஏப்ரல் 10. பாலக்காடு, மலப்புரம் பிள்ளைகளும் படிக்கும் கோவையில் ஒரே வகுப்புக்குள் இரண்டு பெருநாள்! அடுத்த ஆண்டு மார்ச் 31க்கு வந்துவிட்டது. ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அந்த வாரத்தில் மூன்று நாள் தேர்வில்லாமல் விடுவது எந்தத் தேர்வுப் பிரிவுக்கும் முடியாத காரியம் இல்லை.

2025 பொங்கலுக்கு என்ன நடந்தது? ஜனவரி 14இல் இருந்த சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வை 16க்கு மாற்றினார்கள். 15ஆம் தேதி யுஜிசி நெட் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். நாடு முழுக்க எழுதும் தேர்வையே பண்டிகைக்காக மாற்ற முடிகிறது. ஒரு துறையின் இன்டர்னல் டெஸ்ட்டை மாற்ற முடியாதா?

நோன்பு தொடங்கும் முன்பே, டெஸ்ட் அட்டவணை வெளிவருவதற்குள், கடிதம் கொடுக்க வேண்டும். உங்கள் மகள் தனியாகப் போகாமல், கேரளப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு போகட்டும். பெருநாள் வரக்கூடிய இரண்டு தேதிகள், ஊருக்கு ஓர் இரவுப் பயணம் என்ற விவரம், தவறும் தேர்வை எந்த நாளில் எழுதத் தயார் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். வேறு வினாத்தாள் வைத்து, அபராதம் இல்லாமல் மறுதேர்வு வேண்டும் என்றும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வருகைப் பதிவு பெரிய தடையாக இருக்காது. 90 வேலை நாளில் 75 சதவீதம் கட்டாயம் என்றாலும் 22 நாள் வரை கையில் இருக்கிறது.

மதிப்பெண் பயம் புரிகிறது. அதனால்தான் வாய்மொழியாகக் கேட்க வேண்டாம் என்கிறேன். கடிதம் துறைத் தலைவர் வழியாகக் கல்லூரி முதல்வருக்குப் போகட்டும், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். பல பேர் சேர்ந்து எழுத்தில் கேட்டது பதிவில் இருந்தால், ஒரு பிள்ளையைத் தனியாகக் குறிவைப்பது சுலபமில்லை. அப்படியும் மறுத்தால் நீங்களும் உங்கள் கணவரும் நேரில் போய் முதல்வரைப் பாருங்கள்.

அப்புறம், விடியலுக்கு முன் நோன்பு வைக்கச் சாப்பிடும் ஸஹர் சாப்பாடு. இரவே ஹாட்பாக்ஸில் எடுத்து வைக்க முடியுமா என்று இப்போதே விடுதிக் காப்பாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்கத் தயங்கிக்கொண்டு பிஸ்கட்டும் தண்ணீருமாக நோன்பு வைக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.