ரொக் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

பல்கலைக்கழக அரங்கு ஒன்றில் ரொக் இசைக்குழு வாசிக்கப்போகிறது என்றால் கொழும்பில் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் அதே பேச்சுத்தான். இருக்கைகள் சில நூறு, ஆசைப்படுகிறவர்கள் ஆயிரக்கணக்கில். காசு தவறிப்போவதும் இந்த அவசரத்தில்தான்.

கேள்வி: ஒன்லைன் விற்பனை திறந்த உடனே நான்கு இருக்கைகளைத் தெரிவுசெய்து கார்டில் கட்டினேன். வங்கியிலிருந்து காசு கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்தது, டிக்கெட் வரவில்லை. திரும்ப வாங்கட்டுமா? (வெள்ளவத்தை)

பதில்: உடனே வாங்காதீர்கள். இருக்கையைத் தொட்டதும் அது உங்களுக்காகச் சில நிமிடங்கள் பூட்டப்படும், திரையில் நேரம் குறைந்துகொண்டே வரும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கட்டும்போது ஓடிபி பிந்தி வருகிறது. நீங்கள் அதை அடித்து முடிக்க, வங்கி சரி என்கிறது, ஆனால் தளம் இருக்கையை ஏற்கெனவே விடுவித்துவிட்டது. அப்படியானால் காசு பெரும்பாலும் பிடித்துத்தான் வைக்கப்பட்டிருக்கும், விற்பனையாளர் கணக்குக்குப் போயிராது. வங்கிச் செயலியில் அந்த வரி 'நிலுவை' என்று இருக்கிறதா, முடிந்த கொடுக்கல் வாங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். நிலுவை என்றால் சில நாட்களில் தானாகத் திரும்பும். முடிந்துவிட்டது என்றால், மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியையும் தளத்தில் உங்கள் கணக்கையும் பார்த்துவிட்டு, கொடுப்பனவு இலக்கம், நேரம், தொகை மூன்றையும் எழுதி விற்பனையாளருக்கு அனுப்புங்கள். அவர் அசையாவிட்டால் கார்ட் தந்த வங்கியில் எழுத்தில் முறையிடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆறப்போடக் கூடாது.

அடுத்த முறைக்கு: கார்டில் ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா, நாளாந்த எல்லை நான்கு டிக்கெட்டுக்குப் போதுமா என்று முந்தின நாளே பாருங்கள். ஒரே கணக்கை போனிலும் கணினியிலும் ஒன்றாகத் திறக்க வேண்டாம். ஒன்றில் நீங்கள் பூட்டிய இருக்கை மற்றதில் 'விற்றாயிற்று' என்று காட்டும்.

கேள்வி: விளம்பரத்தில் 5,000 ரூபா, கடைசித் திரையில் அதைவிடக் கூட. கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டும். கூடியது என்னவென்று வரிவரியாகப் பாருங்கள். பதிவுக் கட்டணம் ஒன்று, வரி மற்றது. 2024 ஜனவரியிலிருந்து வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம், ஆனால் வற்றுக்குப் பதிவுசெய்தவர் மட்டுமே அதை அறவிடலாம். பற்றுச்சீட்டில் வற் பதிவு இலக்கம் இல்லையென்றால் கேளுங்கள். நுகர்வோரைப் பிழையாக எண்ணவைக்கும் நடத்தையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 30 ஆம் பிரிவில் தடுக்கிறது.

கேள்வி: எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. பேஸ்புக்கில் ஒருவர் வாங்கிய விலைக்கே தருகிறேன் என்கிறார். பிடிஎஃப்பைக் காட்டுகிறார், இருக்கை இலக்கமும் சரியாக இருக்கிறது. கணக்கில் காசு போடலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: போடாதீர்கள். அந்தப் பிடிஎஃப் அசலாகவே இருக்கலாம். அதே பிடிஎஃப்பை அவர் ஐந்து பேருக்கு அனுப்பியிருக்கவும் கூடும், அது ஐந்து பேரிடமும் அசல்தான்.

வாசலில் நிற்கும் பிள்ளை கியூஆர் கட்டத்தின் மேல் போனைப் பிடிக்கும்போது, கட்டத்துக்குள் இருக்கும் இலக்கத்தை அந்தப் போன் ஒரு பட்டியலில் தேடுகிறது. இருந்தால் பச்சை காட்டி, அந்த வரியை 'உள்ளே போயாயிற்று' என்று குறித்துவிடுகிறது. அதே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் சிவப்பு. உங்கள் கையில் உள்ள தாள் எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் முதலில் வந்தவர்தான் உள்ளே போவார். ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது அந்தப் பட்டியலில் உள்ள வரியை.

விற்பனைத் தளத்தில் 'மாற்று' வசதி இருந்தால், டிக்கெட்டை உங்கள் பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய கியூஆர் செத்து உங்களுக்குப் புதியது வரும், பிறகு காசைக் கொடுங்கள். வசதி இல்லையென்றால் விற்பவர் அன்று வாசலுக்கு வரட்டும், பச்சை விழுந்த பிறகு காசு கைமாறட்டும். நேர்மையாக விற்பவர் இதற்கு மறுக்க மாட்டார். 'இன்னொருவர் இப்போதே போடுகிறார், பாதிக் காசையாவது போடுங்கள்' என்றால் கதையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு வங்கி உடனடியாக அனுப்பும் காசு சில விநாடிகளில் போய்ச் சேர்ந்துவிடும், பெற்றவர் சம்மதிக்காமல் உங்கள் வங்கியால் அதை இழுத்தெடுக்க முடியாது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் வங்கியின் அவசர இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், அடுத்தது பொலிஸ் முறைப்பாடு. உரையாடலை அழிக்க வேண்டாம். விற்றவர் தன் பதிவை நீக்குமுன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

அச்சிட்ட டிக்கெட் என்றால் தொடர் இலக்கத்தையும் களியாட்ட வரிக்கான மாநகர சபை முத்திரையையும் பாருங்கள். முத்திரையின் கலர் நகல் தட்டையாக, ஒரே மினுக்கத்தில் இருக்கும்.

இன்னொன்று: டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் அதைப் படம்பிடித்து இன்ஸ்டகிராமில் போடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். கியூஆரை மறைக்காமல் போட்டால், அதைப் பார்க்கும் எவரும் உங்களுக்கு முன்னால் உள்ளே போய்விடலாம்.

கேள்வி: முதல் வரிசைக்குக் கூடிய விலை. அது பெறுமதியா?

பதில்: இசைக்குழுவைக் கிட்டத்தில் பார்க்கப் பெறுமதி. கேட்க அல்ல. ஒலிபெருக்கிகள் மேடையின் இரு ஓரங்களிலும் இருக்கும், அவை முன்வரிசையின் தலைக்கு மேலால் பின்னால் உள்ளவர்களை நோக்கித் திருப்பப்பட்டிருக்கும். முன்வரிசைக்குக் கிடைப்பது மேடையிலிருந்து நேராக வரும் ட்ரம்ஸும் கிட்டார் அம்ப்பின் இரைச்சலும். பாடகரின் வாய் அசையும், சொல் விளங்காது. பல்கலைக்கழக அரங்குகள் பெரும்பாலும் விரிவுரைக்கும் நாடகத்துக்கும் கட்டியவை. மைக் இல்லாத குரல் கடைசி வரிசைக்குப் போகவேண்டும் என்று சுவரை வழுவழுப்பாக விட்டிருப்பார்கள். அதே சுவர் ட்ரம்ஸைத் திருப்பி அடிக்கும்.

ஒலிக்கலவை மேசை எங்கே வைக்கப்படும் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். அந்த இரவின் ஒலியை ஒருவர் அங்கே உட்கார்ந்துதான் சரிசெய்வார், அவர் காதுக்குச் சரியாக இருப்பது அதற்கு முன்னால் இரண்டு மூன்று வரிசைக்கும் சரியாக இருக்கும். நடுப்பகுதியில் அங்கே மலிவான இருக்கை இருந்தால் தயங்காமல் எடுங்கள். பல்கனிக்கு அடியில் ஆழமாக உள்ள வரிசைகள் வேண்டாம், மேல் சுரங்கள் மங்கி பேஸ் மட்டும் உருளும். சுவரை ஒட்டிய மூலைக்கும் அதே குறைதான்.

கேள்வி: 11 வயது மகளும் வர அடம்பிடிக்கிறாள். காதுக்குக் கெடுதியா? (தெஹிவளை)

பதில்: பாதுகாப்பு இல்லாமல் என்றால், ஆம். 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் தாங்கும் காது, 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் பாதி நேரந்தான் தாங்கும். 100 டெசிபலில் அது 15 நிமிடம். ரொக் நிகழ்ச்சியில் 100 சாதாரணம். வளர்ந்தவர்களுக்கு நுரையால் செய்த காதடைப்பான் போதும்: விரல்களுக்கிடையில் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காதை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்து உள்ளே விட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அது அடைக்கவில்லை. பிள்ளையின் காதுத் துவாரம் சிறியது, அவளுக்குத் தலையில் மாட்டும் காதுமூடிதான் நல்லது. சாதாரண பஞ்சு வைத்துப் பயனில்லை. ஒலிபெருக்கிக்கு நேரே இல்லாத, படிபடியாக உயரும் வரிசையில் ஓரத்து இருக்கை எடுங்கள். முன்னால் எல்லோரும் எழும்பி நின்றாலும் அவளுக்குத் தெரியும், தேவையானபோது வெளியே கூட்டிப் போகவும் இலகு. மறுநாளும் காது இரைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நிகழ்ச்சியைப் பின்போட்டுவிட்டார்கள். 'காசு திருப்பித் தரப்படாது' என்று டிக்கெட்டில் இருக்கிறது. (மட்டக்குளி)

பதில்: அந்த ஒரு வரியோடு பேசாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் வாங்கியது குறித்த ஒரு நாளின் நிகழ்ச்சி. புதிய திகதி உங்களுக்குச் சரிவராவிட்டால், அதைச் சொல்லிக் காசைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதிலளிக்க 14 நாள் கொடுங்கள். முதல் விளம்பரத்தையும் பின்போட்ட அறிவித்தலையும் சேமித்து வையுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தகவலுக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். முறைப்பாட்டுக்கு மூன்று மாத எல்லை இருப்பதால் 'பார்ப்போம், பார்ப்போம்' என்று ஏற்பாட்டாளர் இழுத்தடிக்க விடாதீர்கள். வங்கி உங்கள் கார்ட் முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி: முடிந்த பிறகு வீடு திரும்ப?

பதில்: கொழும்புப் பல்கலைக்கழகப் பக்கம் என்றால் வீதிக்கு இரண்டு பெயர். செயலியில் குமாரதுங்க முனிதாச மாவத்தை, பழைய ஓட்டோக்காரருக்கு தர்ஸ்டன் வீதி. ரீட் அவென்யூவும் அப்படித்தான், பலகையில் பிலிப் குணவர்தன மாவத்தை. எல்லோரும் வாசலில் நின்று ஒரே நேரத்தில் அழைப்பதால் ஓட்டோ கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். கடைசிப் பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் இருக்கையிலேயே இருங்கள், பிறகு தும்முல்லைச் சந்திவரை நடந்து அங்கிருந்து அழையுங்கள்.