பேசேஜ் வேண்டுமா, வேண்டாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

கன்னங்குறிச்சியில் 30-க்கு 40 மனையில் வீடு கட்டப்போகிறோம். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், முழங்கால் ஆபரேஷன் ஆனவர், வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. மகள் எட்டாவது படிக்கிறாள். இன்ஜினியர் போட்ட பிளானில் ஹாலுக்கும் இரண்டு பெட்ரூமுக்கும் நடுவே மூன்றரை அடி அகலம், பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு பேசேஜ் வருகிறது. வீட்டுக்காரரின் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "சும்மா நடக்கறதுக்கு யாராவது லட்ச ரூபா போடுவாங்களா? நம்ம பழைய வீட்ல இதெல்லாம் இருந்துச்சா? எடுத்துட்டு ஹாலைப் பெருசாக்குங்க" என்கிறார். சதுர அடி 2,400 ரூபாய்க்குப் பேசியிருக்கிறோம். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் சொல்லும் கணக்கு சரிதான். மூன்றரையைப் பன்னிரண்டால் பெருக்கினால் 42 சதுர அடி, உங்கள் ரேட்டுக்கு 1,00,800 ரூபாய். சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்தச் சுவரை எடுத்துவிட்டால் அந்த 42 சதுர அடியும் அப்படியே ஹாலுக்குக் கிடைத்துவிடும் என்று அவர் நினைக்கிறாரே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். பிளானை எடுத்து, ஹாலைச் சுற்றி இரண்டு பெட்ரூம் கதவு, பாத்ரூம் கதவு, சமையலறை வழி எல்லாவற்றையும் வரைந்து, ஒவ்வொரு கதவிலிருந்தும் மற்ற கதவுக்குப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு போகிற இடத்தில் சோபா போட முடியாது, பீரோ வைக்க முடியாது, பாய் விரித்து ஒருவரைப் படுக்க வைக்கவும் முடியாது. நடக்கிற இடம் வீட்டில் எப்படியும் இருக்கும். சுவர் வைத்தால் அது ஓரமாக ஒதுங்கிப் போகும், வைக்காவிட்டால் ஹாலின் நடுவே ஓடும். கதவு வருகிற சுவரில் டிவியும் மாட்ட முடியாது என்பது குடிபோன பிறகுதான் பலருக்கும் தெரிகிறது.

வாஸ்து பார்த்துக் கட்டுகிறீர்கள் என்றால் இன்னும் சிக்கல். சமையலறை அக்னி மூலை, பெரிய பெட்ரூம் கன்னி மூலை, கக்கூஸ் வாயு மூலை, பூஜை ஈசானியில் என்று ஆளுக்கொரு மூலையில் வைத்துவிட்டு, நடுவில் வழி வேண்டாம் என்றால் எப்படி?

அப்புறம், பழைய வீட்டில் இதெல்லாம் இருந்ததா என்று கேட்கிறாரே, இருந்தது. முற்றம் வைத்த வீட்டில் அதைச் சுற்றி ஓடிய தாழ்வாரம் என்ன? ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு யாருடைய அறைக்குள்ளும் நுழையாமல் போகத்தானே அது? வெளிச்சமும் காற்றும் மேலேயிருந்து வந்ததால் அதை யாரும் வீண் இடமாக நினைக்கவில்லை. நம் ஊர் அம்மாபேட்டை, குகைப் பக்கம் தறிக்காரர் வீடுகளைப் பாருங்கள். குழித்தறியும் பாவும் முன்னறையில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொள்ளும், அப்போதும் சுவரோரமாக ஓர் ஆள் நடக்க வழி விட்டுத்தான் தறி போடுவார்கள். ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களாக்களில் முன்பக்கம் நீளமாக ஒரு வராண்டா இருக்கும், அறைகள் அதில் திறக்கும். நம் பக்கத்தில் நடைவழி இல்லாத வீடென்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, அது எங்கே இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

நாலு சுவருக்குள் இரண்டு பக்கமும் கதவு வைத்த பேசேஜ் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பெரிய மாளிகைகளில்கூட ஒரு அறைக்குள் நுழைந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டியிருந்தது. 1597 வாக்கில் ஜான் தோர்ப் என்பவர் லண்டன் செல்சியில் ஒரு வீட்டுக்குப் போட்ட வரைபடத்தில்தான் வீட்டின் ஊடே போகிற நீண்ட நடைவழி முதன்முதலாகத் தென்படுகிறது என்று கட்டடக்கலை வரலாற்றில் சொல்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில் அது பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், வேலைக்காரர்கள் எஜமானர்களின் அறைகளுக்குள் நடமாடாமல் இருக்க வேண்டும் என்பது. கேட்க நன்றாக இல்லை. ஆனால் யார் யாரைக் கடந்து போக வேண்டும் என்பதை வீட்டின் வரைபடம்தான் முடிவு செய்கிறது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

நம் வீடுகளில் கடந்து போக வேண்டியது பெரும்பாலும் பெண்கள். ஹாலில் வீட்டுக்காரரின் நண்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள், குளித்துவிட்டு ஈரத்தலையோடு உங்கள் மகள் தன் அறைக்குப் போக வேண்டும். பாத்ரூம் கதவு நேரே ஹாலில் திறந்தால் அவள் என்ன செய்வாள்? எல்லாரும் எழுந்து போகும்வரை உள்ளேயே நிற்பாள், இல்லையென்றால் அம்மாவைக் கூப்பிட்டுத் துண்டு கேட்பாள், கொஞ்ச நாளில் விருந்தாளி வருகிறார்கள் என்றாலே முகம் சுளிப்பாள். இன்னும் இரண்டு வருடத்தில் பத்தாவது, ஒன்பது மணி சீரியல் சத்தம் அவள் கதவில் நேராக மோதும். உங்கள் மாமியார் ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிறவராக இருக்கலாம், வாக்கரைத் தள்ளிக்கொண்டு, ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கிற பேரப்பிள்ளைகளைத் தாண்டித்தான் பாத்ரூம் போக வேண்டுமா? ஒரு லட்சத்தைப் பற்றிப் பேசும்போது இவர்கள் இரண்டு பேரையும் முன்னால் உட்கார வைத்துப் பேசுங்கள். எனக்கு இது பணக் கணக்குக்கு மேலே நிற்கிற விஷயம்.

அதற்காக இன்ஜினியர் போட்டதை அப்படியே கட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு அடி நீளம், பட்டப்பகலில் லைட் போட வேண்டிய பேசேஜ் என்றால் அது வேண்டாம். 1,200 சதுர அடி மனையில் சுற்றிலும் இடம் விட்டது போக மிஞ்சுவதே கொஞ்சம். எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம் போதும். 32 சதுர அடிதான், 76,800 ரூபாய். ஒரு பக்கச் சுவரில் இரண்டு பெட்ரூம் கதவு, எதிர்ப்பக்கம் பாத்ரூம் கதவு. கடைசிச் சுவரை மூடிவிடாதீர்கள், அங்கே ஒரு ஜன்னல் கட்டாயம் வேண்டும். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் நம்முடையது, வாசலில் நுழைகிற காற்று பின்னால் வெளியேற ஒரு வழி இருந்தால்தான் உள்ளேயே வரும். அந்த ஜன்னல் மேற்கு பார்த்து அமைந்தால் மேலே சன்ஷேடைக் கொஞ்சம் கூடுதலாக நீட்டச் சொல்லுங்கள்.

மூன்றரை அடியை ஏன் நான்காக்கச் சொல்கிறேன் என்றால், செங்கல்லுக்குச் செங்கல் மூன்றரை என்பது இரண்டு பக்கமும் பூச்சு வேலை முடிந்து டைல்ஸ் ஒட்டியதும் இன்னும் குறையும். வாக்கரோடு நேராகப் போய்விடலாம், திரும்பி ஒரு கதவுக்குள் நுழைவதுதான் கஷ்டம். நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தால் (வர வேண்டாம், ஆனால் வீடு நாற்பது ஐம்பது வருடத்துக்குக் கட்டுகிறோம்) அது ஒரே இடத்தில் முழுதாகத் திரும்ப ஐந்தடி வேண்டும், நான்கடியில் கதவுக்குள்ளாவது ஓரளவு வளைந்து போகும். ஸ்ட்ரெச்சருக்கும் அதே கதைதான். பேசேஜுக்கு மேலே பரண் போட்டுக்கொண்டால் கொலுப்படி, அண்டா, குண்டா எல்லாம் அங்கே போய்விடும், பெட்ரூமில் லாஃப்ட் வேண்டியிருக்காது. இதை அண்ணனிடம் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. பாத்ரூம் கதவுக்கு வழக்கமாக இரண்டரை அடி நிலைதான் போடுவார்கள். இரண்டு பக்கமும் கட்டை போக மிச்சம் இரண்டடியை ஒட்டித்தான் இருக்கும், சக்கர நாற்காலியோ அதைவிட அகலம். மாமியார் போகிற பாத்ரூமுக்கு மூன்றடி நிலை என்று பிளானிலேயே எழுதி வாங்குங்கள், ஆசாரிக்கு ஆர்டர் போவதற்கு முன்னால்.

அன்புடன்,
அக்கா