எபிரெயர் 6:19 நம்பிக்கையை ஏன் நங்கூரம் என்கிறது?

வாக்குக் கொடுத்த தேவன் மாறமாட்டார் என்று அவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதையே வேதம் நம்பிக்கை என்கிறது. இந்த வசனத்தில் அதற்குப் பெயர் ஆத்தும நங்கூரம்.

வேதபாடம் படிக்கிற எனக்கு அது விளங்கியது பாம்பன் கரையில்தான். கச்சான் காற்றில் வல்லம் ஆட்டமாய் ஆடும்; கயிறு விறைத்து நீர் சொட்டும்; ஆனாலும் இடம்விட்டுப் போகாது. பிடிப்பு இருப்பது கண்ணுக்குத் தெரியாத அடித்தரையில். நம் நங்கூரமோ இயேசு நமக்கு முன்னே பிரவேசித்த மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரைக்குள், அதாவது தேவசமுகத்தில், பதிந்திருக்கிறது. மனம் சோர்ந்த நாளிலும் என்னால் ஜெபிக்க முடிவது அதனால்தான்.

விசுவாசித்தால் புயலே வராது என்று பலர் நினைக்கிறார்கள்; அப்போஸ்தலர் 27இல் பவுல் போன கப்பல், நாலு நங்கூரம் போட்டு விடியக் காத்திருந்தும், மறுநாள் உடைந்தது; 276 பேரும் உயிரோடு கரையேறினார்கள்.